நட்சத்திரம் போட்ட வினைச்சொல்: மூல ஜெர்மானிய வினை ஒன்றின் வேரையும் வாரிசுகளையும் நீங்களே கண்டறியும் வழி

ஜெர்மன் படிக்கத் தொடங்குபவர்கள் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் வினை ‘வேர்தென்’. எதிர்காலம் சொல்லவும் அதுதான், செயப்பாட்டுவினைக்கும் அதுதான், ‘ஆகு’ என்ற சொந்தப் பொருளுக்கும் அதுதான். இது எங்கிருந்து வந்தது என்று தேடினால், முன்னால் ஒரு நட்சத்திரக் குறியோடு ஒரு பழைய வடிவமும், கீழே இருபது மொழிகளின் பட்டியலும் வந்து நிற்கும். அந்தப் பட்டியலை எப்படிப் பெற்றார்கள், அதில் எதை நம்பலாம் என்பது மட்டும் இருக்காது.

அந்த வேலையை நீங்களே செய்து பார்ப்பதற்கான முறை இது. மாதிரிக்கு எடுத்திருப்பது மூல ஜெர்மானியத்தின், அதாவது ஜெர்மன், ஆங்கிலம், ஐஸ்லாந்து மொழி போன்றவற்றுக்கெல்லாம் பொதுவான பழைய தாய்மொழியின், ‘ஆகுதல்’ என்ற பொருள் கொண்ட *வெர்ஃதன. இதே படிகள் வேறு எந்தப் பழைய ஜெர்மானிய வினைக்கும் பொருந்தும். ஆங்கிலம் தெரிந்திருந்தால் போதும். ஜெர்மன் அகராதி படிக்கத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

எழுத்துமுறை பற்றி ஒரு சொல். ஒப்பிட வசதியாக, ஜெர்மானியச் சொற்களை எல்லாம் இங்கே தகர வரிசையிலேயே எழுதியிருக்கிறது. இரட்டித்த ‘த்த’ வல்லொலி (‘பத்து’ என்பதில் வருவது). ஒற்றைத் ‘த’ மெல்லொலி (‘சர்தார்’ என்பதில் வருவது). ‘ஃத’ என்பது நாக்கு நுனி பல்லில் உரசிவரும் ஒலி, ஆங்கில ‘திங்க்’, ‘தேர்’ இரண்டின் முதலொலியும் அடக்கம். சொல்லின் கடைசியில் வரும் ‘த்’ மட்டும் வல்லொலி, மெல்லொலி இரண்டுக்கும் பொது.

1. சரியான வினையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்கு ‘வலிவினை’தான் வேண்டும். இறந்தகாலத்தை உயிரெழுத்தை மாற்றிக் காட்டுபவை வலிவினைகள், ஆங்கிலத்தில் ‘சிங், சாங், சங்’ போல. பின்னால் ஒட்டுச் சேர்த்துக் காட்டுபவை மெலிவினைகள். மெலிவினைகளில் பெரும்பாலானவை வேறு சொற்களிலிருந்து பிறகு உண்டாக்கப்பட்டவை என்பதால் வேருக்குப் போகும் பாதை குழம்பும்.

இன்னொரு நிபந்தனை: ஜெர்மானியத்தின் கிழக்கு, வடக்கு, மேற்கு ஆகிய மூன்று கிளைகளிலும் அந்த வினை பதிவாகியிருக்க வேண்டும். கிழக்குக் கிளைக்கு நடைமுறையில் கோதிக் ஒன்றே சாட்சி. கோதிக்கில் இல்லாத வினையையும் மீட்டுருவாக்கலாம்தான், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம்.

2. ஆவணங்களும் செலவும்

நல்ல செய்தி: ஒரு காசு செலவில்லாமல் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடலாம். பழைய ஆங்கிலத்துக்குப் பாஸ்வொர்த்–டோலர் அகராதி, இடைக்கால ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அகராதி, கோதிக்குக்கு ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் வுல்ஃபிலா தளம், ஜெர்மனுக்கு ட்ரியர் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் கிரிம் அகராதி, இவை எல்லாமே இலவசம். ஜெர்மன் சொற்பிறப்புக்கு வோல்ஃப்காங் ஃபைஃபரின் அகராதியை பெர்லின்–பிராண்டன்பர்க் அகாடமியின் தளத்தில் படிக்கலாம். சமஸ்கிருதத்துக்குக் கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில் மோனியர் வில்லியம்ஸ். பழைய நார்ஸுக்கு (ஸ்காண்டிநேவிய மொழிகளின் பழைய வடிவம்) 1874இல் வந்த கிளீஸ்பி–விக்ஃபுஸன் அகராதியின் வருடிய பக்கங்கள் போதும்.

செலவு தொடங்குவது இரண்டு இடங்களில். ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் முழுப் பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். பிரிட்டனில் இருப்பவர்கள் பொது நூலக அட்டை எண்ணைக் கொண்டு பல ஊர்களில் வீட்டிலிருந்தே நுழையலாம். சந்தா கட்டுமுன் அதை விசாரியுங்கள். இரண்டாவது, கூஸ் க்ரோனனின் மூல ஜெர்மானியச் சொற்பிறப்பு அகராதி (2013). வாங்கப் போனால் நூற்றுக்கணக்கான யூரோ. ஒரே ஒரு வினைக்காக யாரும் வாங்க வேண்டியதில்லை, பல்கலைக்கழக நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தேவையான பக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்துவிடலாம். அங்கே போகும்போதே எல்மர் ஸேபோல்டு 1970இல் ஜெர்மானிய வலிவினைகளுக்கென்றே எழுதிய அகராதியையும், மூல இந்தோ-ஐரோப்பிய (ஜெர்மானியம், லத்தீன், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் பொதுவான தாய்மொழி) வினைகளுக்கென ஹெல்முட் ரிக்ஸ் தலைமையில் வந்த அகராதியின் 2001ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பையும் கேளுங்கள். இரண்டும் ஜெர்மன் மொழியில் உள்ளவை.

இங்கே ஒரு பொறி. 1959இல் வந்த யூலியுஸ் போகோர்னியின் அகராதி இணையத்தில் எளிதில் கிடைப்பதால் எல்லோரும் அதில்தான் முதலில் விழுகிறார்கள். அதில் நம் வேர் தனித்தலைப்பாக இருக்காது. ‘வெர்-’ என்ற தலைப்பின் கீழ், தகரம் சேர்ந்த விரிவாகத்தான் இருக்கும். ‘வெர்-’ என்றே பல தலைப்புகள் எண் போட்டு வரிசையாக வேறு இருக்கும். ‘திருப்பு, வளை’ என்ற பொருள் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று: ஒரே வடிவத்தை ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு மாதிரி எழுதும். சிலர் கடைசி அகரத்தை மூக்கொலியாகக் குறித்து *வெர்ஃதன என்பார்கள், சிலர் னகரம் போட்டு *வெர்ஃதனன் என்பார்கள், சிலர் வெறும் அடிச்சொல்லாக *வெர்ஃதன்- என்று நிறுத்திவிடுவார்கள். மூன்றும் ஒரே சொல்தான். மூன்று கருத்துகள் இருப்பதாக நினைத்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்காதீர்கள்.

3. இரண்டு எழுத்துகளைத் தட்டச்சப் பழகுங்கள்

பழைய நூல்களில் ‘ஃதோர்ன்’ என்றொரு எழுத்து வரும். ஆங்கிலச் சிறிய ‘பி’யின் (p) தண்டை மேல்பக்கமும் நீட்டியது போலிருக்கும். ‘எத்’ என்பது தலையில் குறுக்குக்கோடு போட்ட ‘டி’ (d). விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0254 அடித்தால் முதலாவது, 0240 அடித்தால் இரண்டாவது, 0230 அடித்தால் ‘ஏ’யும் ‘ஈ’யும் ஒட்டிய எழுத்து. கைபேசியில் ஐஸ்லாந்து மொழி விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் மூன்றும் கிடைக்கும்.

இதைச் சோம்பலில் தவிர்த்துவிட்டு ‘பி’ போட்டுத் தேடுபவர்களுக்கு எதுவும் கிடைக்காது. வருடிய புத்தகங்களில் நேர்மாறான சிக்கல்: இயந்திரம் ஃதோர்னை ‘பி’ என்று வாசித்து வைத்திருக்கும். அங்கே தேடல் பெட்டியை நம்பாமல் பக்கத்தைப் புரட்டுவதே வேகமான வழி.

4. நான்கு வடிவங்களையும் எடுங்கள், அகராதித் தலைப்புச் சொல்லை மட்டும் அல்ல

தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. அகராதியின் தலைப்பில் இருப்பது பெயரெச்சமும் இல்லாத வினையெச்சமும் இல்லாத வெறும் ‘ஆகுதல்’ வடிவம். அதை மட்டும் மொழிக்கு மொழி அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எதுவும் புலப்படாது. வலிவினை ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவங்கள் எடுக்க வேண்டும்: வினைப்பெயர், இறந்தகால ஒருமை, இறந்தகாலப் பன்மை, இறந்தகால எச்சம். எக்செலில் நான்கு நிரல்கள் போட்டு, மொழிக்கு ஒரு வரியாக நிரப்புங்கள். நம் வினைக்கு இப்படி வரும் (பழைய சாக்சன் வட ஜெர்மனியின் தாழ்ஜெர்மனுக்கு முன்னோடி, பழைய உயர்ஜெர்மன் இன்றைய ஜெர்மனுக்கு முன்னோடி):

கோதிக்: வெர்ஃதன், வர்ஃத், வொர்ஃதுன், வொர்ஃதன்ஸ்
பழைய நார்ஸ்: வெர்ஃதா, வர்ஃத், உர்ஃது, ஒர்ஃதின்
பழைய ஆங்கிலம்: வெஒர்ஃதன், வெஅர்ஃத், வுர்தொன், வொர்தென்
பழைய சாக்சன்: வெர்ஃதன், வர்ஃத், வுர்துன், வொர்தன்
பழைய உயர்ஜெர்மன்: வெர்தன், வர்த், வுர்த்துன், வொர்த்தன்

கோதிக் வரியை நிரப்பும்போது கவனம். எழுத்தில் முதல் உயிர் ‘அ, இ’ என்று இரண்டு எழுத்தாக நிற்கும். ரகரத்துக்கு முன்னால் அதன் ஒலி குறில் எகரம். அதேபோல ‘அ, உ’ என்று எழுதியிருப்பது குறில் ஒகரம். எழுத்தைப் பார்த்து ஐகாரம், ஔகாரம் என்று குறித்துக்கொண்டால் அடுத்த படியில் கணக்கு இடிக்கும்.

வடிவம் உண்மையில் எழுத்தில் இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். வுல்ஃபிலா தளத்தில் லூக்கா 2:1ஐத் திறந்தால் முதல் சொல்லே ‘வர்ஃத்’: “வர்ஃத் ஃதன் இன் தகன்ஸ் யைனன்ஸ்”, அதாவது ‘அந்நாட்களில் ஆயிற்று’. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் ‘எகெனெதொ’, ‘ஆயிற்று’. கோதிக் விவிலியம் 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்திலிருந்து செய்த மொழிபெயர்ப்பு என்பதால் சொல்லின் பொருளில் சந்தேகத்துக்கே இடமில்லை, மூலத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் சொற்களின் வரிசையைப் பற்றி அதிலிருந்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், அது பெரும்பாலும் கிரேக்கத்தின் வரிசை. இன்னொரு எச்சரிக்கை: கோதிக் யோவான் நற்செய்தியின் தொடக்க அதிகாரங்கள் கிடைக்கவில்லை. ‘வார்த்தை மாம்சமாயிற்று’ என்ற வரியைக் கோதிக்கில் தேடி அலைய வேண்டாம்.

5. பட்டியலைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

இனி மேலேயுள்ள ஐந்து வரிகளையும் ஒரே வரியிலிருந்து பிறக்க வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பிறக்க வைக்கும் அந்த ஒரு வரிதான் மீட்டுருவாக்கம்:

மூல ஜெர்மானியம்: *வெர்ஃதன, *வர்ஃத், *வுர்துன், *வுர்தனஸ்

நட்சத்திரத்தின் அர்த்தம் ‘இது எங்கும் எழுதிக் கிடைக்கவில்லை, கணக்குப் போட்டுப் பெற்றது’ என்பது. நட்சத்திரம் இல்லாத சொல் சாட்சி, நட்சத்திரம் உள்ள சொல் தீர்ப்பு. இரண்டையும் ஒரே நிரலில் கலக்காதீர்கள்.

நன்னூல் படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்றும் இங்கேயும் கைகொடுக்கும். அங்கே அவை இரு சொற்கள் புணரும்போது நடப்பவை, இங்கே நூற்றாண்டுகளில் நடப்பவை. அந்த வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. நார்ஸ் பன்மை ‘உர்ஃது’வில் முதல் வகரம் எங்கே போனது? கெடுதல். நார்ஸில் உகர ஒகரங்களுக்கு முன்னால் வகரம் விதியாகவே விழுந்துவிடும், எகர அகரங்களுக்கு முன்னால் நிற்கும். அதனால்தான் ஒரே வினையில் ‘வர்ஃத்’ என்றும் ‘உர்ஃது’ என்றும் வருகிறது. இறந்தகால எச்சத்தில் உகரம் ஒகரமானது திரிதல். அடுத்த அசையில் அகரம் இருந்தால் முன்னிருக்கும் உகரம் ஒகரமாகும். *வுர்துன் என்பதில் அடுத்த அசை உகரம், அதனால் மாறவில்லை (கோதிக்கில் மட்டும் பன்மையிலும் ஒகரம் இருப்பது பக்கத்து ரகரத்தால், அது வேறு விதி). *வுர்தனஸ் என்பதில் அகரம், அதனால் மாறியது. இன்றைய ஜெர்மனில் ‘வுர்தெ’ என்று உகரமும் ‘கெவொர்தென்’ என்று ஒகரமும் இருப்பது இந்தப் பழைய கணக்கின் மிச்சம்தான். ‘கெ-’ பிறகு தோன்றியது. பழைய உயர்ஜெர்மனில் நிறைவுப் பொருள் கொண்ட சில வினைகள் அந்த முன்னொட்டை ஏற்கவில்லை, இதுவும் அதில் ஒன்று. செயப்பாட்டுவினையில் இன்றும் ‘கெ-’ இல்லாமல் வெறும் ‘வொர்தென்’ என்றே வருவதைப் பாடப்புத்தகம் விதிவிலக்கு என்று சொல்லிக்கொடுக்கும். விதிவிலக்கு இல்லை, பழைய விதி.

இப்போது முக்கியமான இடம். பழைய ஆங்கில வரியை மறுபடி பாருங்கள். முதல் இரண்டு வடிவங்களில் ‘ஃத’, அடுத்த இரண்டில் ‘த’. சாக்சனிலும் அப்படியே. உயர்ஜெர்மனில் முதல் இரண்டில் ‘த’, அடுத்த இரண்டில் ‘த்த’. ஒலிகள் வேறு, ஆனால் கோடு விழுந்திருக்கும் இடம் ஒன்றே: ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில். இது தற்செயலாக இருக்க முடியாது.

காரணம் அழுத்தம். மூல இந்தோ-ஐரோப்பியத்தின் தகர வல்லொலி ஜெர்மானியத்தில் ‘ஃத’ உரசொலியாகத் திரியும். இது கிரிம் விதி. அந்த உரசொலிக்கு முந்திய அசையில் அழுத்தம் இல்லாவிட்டால் அது மேலும் மென்மையாகி ஒலிப்பு பெறும். இது வெர்னர் விதி. வினைப்பெயரிலும் இறந்தகால ஒருமையிலும் அழுத்தம் வேரின் மேல் இருந்தது, பன்மையிலும் எச்சத்திலும் ஈற்றின் மேல் இருந்தது. அழுத்தம் அப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்? வேத சமஸ்கிருதம் அதை இன்னும் காட்டுகிறது. ‘வவர்த்த’ என்ற ஒருமையில் அழுத்தம் ‘வர்’ மேல், ‘வவ்ருதுஹு’ என்ற பன்மையில் கடைசி அசையின் மேல். ஆங்கிலத்தில் இதன் உயிருள்ள தடயம் வேண்டுமென்றால் ‘வாஸ், வேர்’ இரட்டையைப் பாருங்கள். ‘இருந்தான்’ என்பதற்கு ஸகரம், ‘இருந்தார்கள்’ என்பதற்கு ரகரம். அதுவும் இதே விதிதான், ஸகரத்துக்கு நேர்ந்தது.

சாட்சிகளை எடைபோடும்போது கவனிக்க வேண்டியது: நார்ஸ் இங்கே பேசாது. அதில் சொல் நடுவே வரும் இரண்டு ஒலிகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கோதிக் வரியில் நான்கிலும் ‘ஃத’ இருப்பதைப் பார்த்து வெர்னர் விதி கோதிக்கில் வேலை செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள். வேலை செய்தது, பிறகு ஒருமையைப் பார்த்துப் பன்மையையும் சமன்படுத்திவிட்டார்கள். ஆதாரம் அதே கோதிக்கில் இருக்கிறது: ‘ஃப்ரவர்த்யன்’, ‘அழி’ என்ற பிறவினை. அங்கே உரசொலி இல்லை, தகர மெல்லொலி. சமஸ்கிருதப் பிறவினை ‘வர்த்தயதி’யிலும் அழுத்தம் வேரைத் தாண்டி அடுத்த அசையில்தான் விழுகிறது. சமன்படுத்தும் கை வினையின் நான்கு வடிவங்களுக்குள் மட்டும் புகுந்தது, பிறவினையை விட்டுவிட்டது.

வரிசையும் முக்கியம். உயர்ஜெர்மனில் முதலில் ‘த’ போய் ‘த்த’ ஆகி, அதன் பிறகே ‘ஃத’ வந்து காலியான ‘த’ இடத்தில் உட்கார்ந்தது. இதை மாற்றிப் போட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்து ‘வெர்த்தன்’ என்ற, யாரும் பேசாத வடிவம் வரும். உங்கள் கணக்கில் அப்படி ஏதாவது வந்தால் விதி தவறில்லை, வரிசை தவறு.

6. வீட்டுக்கு வெளியே உறவினர்களைத் தேடுங்கள்

வேர் *வெர்த்-, பொருள் ‘திரும்பு, சுழல்’. லத்தீனில் ‘வெர்த்தெரே’ (திருப்பு), சமஸ்கிருதத்தில் ‘வர்த்ததே’ (சுழல்கிறது, நிகழ்கிறது), லிதுவேனியத்தில் ‘வெர்ஸ்தி’ (புரட்டு, மொழிபெயர்), ரஷ்யனில் ‘வெர்த்தெத்ய்’ (சுழற்று). இவர்கள் எல்லாம் பங்காளிகள். லத்தீன் சொல் ஜெர்மானியச் சொல்லுக்குத் தகப்பன் இல்லை. புதியவர்கள் இந்தத் தவறைச் செய்யாமல் இருப்பது அபூர்வம், லத்தீன் எழுத்தில் முந்தியது என்பதால் முன்னோர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சுவையும் ஒரு பொறியும் உண்டு. சக்கரவர்த்தி, பரிவர்த்தனை, நிவர்த்தி, இலங்கையில் அரசிதழுக்கு வழங்கும் வர்த்தமானி, எல்லாம் சமஸ்கிருதத்தின் இதே வேர் வழியாக வந்தவை. ‘விருத்தம்’ என்ற பாவகையின் பெயரும் அப்படியே. ஆங்கில ‘வெர்ஸ்’ லத்தீன் வழியாக அதே வேரிலிருந்து, அதே செய்யுள் பொருளோடு வந்திருக்கிறது. பொறி என்னவென்றால், இவை தமிழில் கடன்சொற்கள். இவற்றைக் காட்டித் தமிழுக்கும் ஜெர்மனுக்கும் உறவு என்று எழுதக் கூடாது. பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருக்கும் பாத்திரத்தைக் காட்டி இரண்டு வீடும் சொந்தம் என்று சொல்வது போல ஆகிவிடும். ‘வரு’, ‘வார்’ போன்ற நம் சொற்களின் ஒலி ஒற்றுமையும் கணக்கில் சேராது. ஒலி ஒத்திருப்பது ஆதாரமே இல்லை. விதிப்படி மாறியிருப்பதுதான் ஆதாரம்.

7. பொருள் எப்படித் திரிந்தது என்று எழுதுங்கள்

‘திரும்பு’ எப்படி ‘ஆகு’ ஆனது? ஒரு பத்தி போதும், கற்பனை வேண்டாம். தமிழில் ‘திரி’ என்ற வினையே பாதி வேலையை முடித்துவிடும். திரிகை சுழல்கிறது, பால் திரிந்துபோகிறது. சுழல்வதும் வேறொன்றாவதும் ஒரே வினையில். ஜெர்மானியத்தில் நடந்தது அதே நகர்வு. சமஸ்கிருதத்திலும் ‘சுழல்’ என்பது ‘நிகழ்’ என்று நீண்டிருக்கிறது. வேறு குடும்பத்து மொழி ஒன்றில் இணையான பொருள் மாற்றம் இருந்தால் அது உங்கள் விளக்கம் சாத்தியம் என்று காட்டும், நிரூபிக்காது. அந்த அளவோடு எழுதுங்கள்.

8. வாரிசுகளைக் கீழ்நோக்கி இறக்குங்கள்

ஒவ்வொரு வாரிசுக்கும் மூன்று கேள்விகள்: சொல் உயிரோடு இருக்கிறதா, என்ன வேலை செய்கிறது, இறந்திருந்தால் அந்த இடத்துக்கு யார் வந்தார்கள்.

ஜெர்மன்: ‘வேர்தென்’, முழு உயிரோடு. ‘நான் ஆகிறேன்’ என்பதில் எகரமும், ‘அவன் ஆகிறான்’ என்பதில் ‘விர்த்’ என்று இகரமும் வருவது ஏன் என்று குறித்துவையுங்கள். பழைய ஈற்றில் இருந்த இகரம் வேரின் எகரத்தை இகரமாக இழுத்தது. பழைய ஒருமை ‘வர்த்’ லூதர் விவிலியத்தின் யோவான் 1:14இல் இன்னும் நிற்கிறது. பேச்சிலும் எழுத்திலும் அதைத் தள்ளிவிட்டு வந்த ‘வுர்தெ’ பன்மையிலிருந்து உயிரை எடுத்துக்கொண்டது.

டச்சு: ‘வொர்தன்’. ‘ஆகு’ என்ற பொருளுக்கும் செயப்பாட்டுவினைக்கும் பயன்படும், எதிர்காலத்துக்கு வேறு வினை. டச்சிலிருந்து பிறந்த தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸில் செயப்பாட்டுவினையின் இறந்தகாலத்தை மட்டும் இது விட்டுக்கொடுத்துவிட்டது. ‘வீடு கட்டப்படுகிறது’ என்றால் இந்த வினை, ‘கட்டப்பட்டது’ என்றால் ‘இரு’ வினை. நம் ‘படு’ இரண்டு காலத்தையும் தானே சுமப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்.

ஐஸ்லாந்து மொழி: ‘வெர்ஃதா’, நான்கு வடிவங்களும் ஏறக்குறைய அப்படியே. ‘ஆகு’ என்பதோடு ‘செய்தே ஆக வேண்டும்’ என்ற கட்டாயப் பொருளும் சேர்ந்திருக்கிறது. தமிழின் ‘ஆக வேண்டும்’ போலவே.

ஸ்வீடிஷ், டேனிஷ்: எழுத்து வழக்கில் கிட்டத்தட்ட இறந்துவிட்டது. இடத்தைப் பிடித்தது ‘பிலி’, ‘ப்லிவெ’. இடைக்காலத்தில் வணிகத்தோடு தாழ்ஜெர்மனிலிருந்து வந்த கடன்வினை, அங்கே அதன் பொருள் ‘தங்கு’. ஆனால் ஸ்வீடிஷ் வட்டாரப் பேச்சில் ‘வார்த்’ என்ற இறந்தகாலம் இன்னும் கேட்கும், நார்வேயின் நினோர்ஸ்க் எழுத்துமொழியில் ‘வெர்தெ’ சாதாரணமாகவே இருக்கிறது. ‘ஸ்காண்டிநேவியாவில் அழிந்தது’ என்று ஒரே வரியில் எழுதுவது இதனால்தான் தவறு.

ஆங்கிலம்: இறந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘வொர்ஃதென்’ என்று ஓடிக்கொண்டிருந்து, பிறகு ‘பிகம்’ என்ற வினையிடம் இடத்தை விட்டது. 1611 விவிலியத்தின் எசேக்கியேல் 30:2இல் ‘வோ வொர்த் த டே’ என்ற சபிக்கும் தொடரில் உறைந்து கிடக்கிறது, ‘அந்த நாளுக்குக் கேடு ஆகுக’ என்ற பொருளில்.

9. போலி வாரிசுகளைக் கழியுங்கள்

மேலே சொன்ன தொடரில் வரும் ‘வொர்த்’தும், விலைமதிப்பைச் சொல்லும் ‘வொர்த்’தும் எழுத்தில் ஒன்று. சொல் வேறு. இரண்டாவது *வெர்ஃதஸ் என்ற பெயரடையின் வாரிசு, அதை இந்த வினையோடு சேர்க்கலாமா என்பதே விவாதத்துக்குரியது. ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் ‘வொர்த்’ மூன்றாவது. வேலியடைத்த இடம் என்று பொருள். நீங்கள் புரட்டிக்கொண்டிருக்கும் பாஸ்வொர்த் அகராதியின் பெயரிலேயே அந்த மூன்றாவது உட்கார்ந்திருக்கிறது.

‘வியர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பலர் நேர் வாரிசாகப் போட்டுவிடுகிறார்கள். அது பழைய ஆங்கிலத்தில் ‘வுயர்த்’, ‘விதி, ஊழ்’ என்ற பெயர்ச்சொல். இதே வேரிலிருந்து ஜெர்மானியத்திலேயே பிரிந்த தனிக்கிளை. நார்ஸில் ஊழ்தேவதை ‘உர்ஃத்ர்’ அதன் உடன்பிறப்பு, வகரம் கெட்ட விதம் உட்பட. மாக்பெத் நாடகத்தின் மூன்று சூனியக்காரிகளுக்கு அடைமொழியாக வருவது இந்த ‘ஊழ்’ பொருளில்தான். ‘விசித்திரமான’ என்பது பிற்பாடு ஏறியது. ஆங்கில ‘டுவர்ட்’ போன்ற சொற்களின் ஈற்றிலுள்ள ‘-வர்ட்’டும் (திசை) இதே வேரின் இன்னொரு கிளை. இந்த மூன்றையும் தனிப் பட்டியலில் வையுங்கள். ‘கன்வெர்ட்’, ‘வெர்ஷன்’ போன்றவை லத்தீனிலிருந்து வந்த கடன், எந்தப் பட்டியலிலும் வேண்டாம்.

10. நேரக் கணக்கும் கடைசிச் சோதனையும்

முதல் வினைக்கு இரண்டு வார இறுதிகள் ஒதுக்குங்கள். நான்கு வடிவங்களைத் திரட்ட ஒரு பகல், ஒலிவிதிகளைப் பொருத்த ஒரு பகல், நூலகத்துக்கு அரைநாள், மீதி வாரிசுகளுக்கு. விதிகளைப் பொருத்தும் நாளில்தான் எரிச்சல் வரும், அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

முடித்த பிறகு பட்டியலை மூடிவைத்துவிட்டு, மூல வடிவங்கள் நான்கையும் மட்டும் ஒரு தாளில் எழுதி, விதிகளை வரிசையாகப் போட்டு மேலிருந்து கீழே இறக்குங்கள். எழுத்தில் கிடைத்த வடிவத்தோடு பொருந்தாத இடத்தில் ‘சமன்படுத்தல்’ என்று குறித்தால், எந்த வடிவத்தைப் பார்த்துச் சமன்படுத்தினார்கள் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அது சமன்படுத்தல் இல்லை, எங்கோ ஒரு விதியை விட்டுவிட்டீர்கள்.

அடுத்த வினைக்கு *ஸெஉஃதன, ‘கொதித்தல்’, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், ஏனென்றால் கோடு விழும் இடம் அதே இடம்தான். ஆங்கிலத்தில் வினை ‘ஸீஃத்’ என்று உரசொலியோடும், அதன் பழைய எச்சம் ‘ஸாதென்’ என்று மெல்லொலியோடும் இன்னும் புழங்குகின்றன. ஜெர்மனில் வினை ‘ஸீதென்’, எச்சம் ‘கெஸொத்தென்’. ‘வேர்தென்’ தொலைத்துவிட்ட அந்த ‘த்த’ இந்த எச்சத்தில் அப்படியே இருக்கிறது.